ஓவியக் கல்லூரிக்குப் பெட்டி கட்டும் பிள்ளைகளுக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ ஓவியமும் வடிவமைப்பும் படிக்கக் கிளம்புகிறீர்கள். சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஓவியம் சொல்லிக் கொடுப்பவர்களும் ஓவியத்தால் பிழைப்பவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். வாழ்த்துச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்லூரி திறக்க மிச்சம் இருக்கும் ஆறு வாரத்தில் உங்கள் கண்ணுக்கும் கைக்கும் என்ன வேலை கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லவே எங்களுக்கு ஆசை.

உங்களில் பலருக்குக் கை நன்றாக ஓடுகிறது. கைப்பேசியில் ஒரு நடிகர் படத்தை வைத்து, கட்டம் போட்டு, பென்சிலை விரலால் தேய்த்துத் தேய்த்து மழமழவென்று முகத்தைக் கொண்டுவந்துவிடுகிறீர்கள். ஆனால் கல்லூரியில் முதல் வாரமே ஒரு நாற்காலி, இரண்டு பாட்டில், மடிந்து தொங்கும் ஒரு துணி என்று எதிரே வைத்து வரையச் சொல்வார்கள். அங்கே கை நின்றுவிடும். திறமை குறைந்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். புகைப்படம் என்பது ஏற்கெனவே தட்டையான படம். ஆழமுள்ள பொருளைத் தட்டைத் தாளுக்குக் கொண்டுவரும் வேலையைக் கேமரா முன்கூட்டியே முடித்துவிட்டது. படத்தைப் பார்த்து வரைகிறவர் அந்த வேலையைத் தொட்டதே இல்லை. முதலாண்டில் பெரும்பகுதி அந்த ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளத்தான். ஆகவே இன்றைக்கே கைப்பேசியை ஒதுக்கி வையுங்கள். ஆறு வாரமும் எதிரே இருக்கும் பொருளைப் பார்த்து மட்டும் வரையுங்கள்.

எதிரே என்ன வைப்பது என்று தேட வேண்டாம். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்று போதும். கண் மட்டத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் அதன் வாய் ஒரு நேர்கோடு. மெல்ல இறக்கினால் கோடு திறந்து நீள்வட்டமாகும். இறக்க இறக்க அகலும். நேர் கீழே போனால் முழு வட்டமாகிவிடும். ஒரே மங்கை ஐந்து உயரங்களில் வைத்து ஐந்து முறை வரையுங்கள். தவறு எங்கே வரும் என்றால், நீள்வட்டத்தின் இரண்டு ஓரங்களையும் மாவிலை நுனி மாதிரி கூராக்கிவிடுவீர்கள். நீள்வட்டத்துக்குக் கூர் முனை கிடையாது, ஓரத்திலும் அது வளைந்துதான் திரும்புகிறது. அடுத்து ஒரு மைலோ டின்னை மேசையில் வையுங்கள். அதன் அடியை நேர்கோடாக வரையக் கை போகும், ஏனென்றால் டின் மேசையில் தட்டையாக உட்கார்ந்திருப்பது மூளைக்குத் தெரியும். கண்ணைக் கேட்டால் வேறு சொல்லும். அடி, வாயைவிடக் கண்ணுக்கு இன்னும் கீழே இருக்கிறது. அதனால் அதன் வளைவு வாயின் வளைவைவிடச் சற்றுக் கூடுதல் உருண்டையாகத்தான் இருக்கும். டின்னைச் சாய்த்துப் படுக்க வைத்தீர்களானால், அதன் நடுவே நீளவாக்கில் ஒரு குச்சி ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீள்வட்டத்தின் நீண்ட அச்சு அந்தக் குச்சிக்கு எப்போதும் குறுக்காக, செங்கோணத்தில் விழும். இது பிடிபட்டுவிட்டால் மோட்டார் சக்கரம், குடம், தவில் எதுவும் கோணாது.

அளவெடுக்கப் பென்சிலை நீட்டிப் பிடிக்கும்போது ஒரு கண்ணை மூடுங்கள், முழங்கையை மடக்காமல் நீட்டுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் அளவுகோல் மாறிவிடும். தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அடுத்த பாடத்துக்குத் தோட்டத்துக்கே போகலாம். செம்பனை வந்து பால்மரம் (ரப்பர்) குறைந்திருந்தாலும் நம் வட்டாரத்தில் இன்னும் நிரைகள் இருக்கின்றன. நேராக ஓடும் ஒரு நிரையின் தலைப்பில் நின்று பாருங்கள், தூரக்காட்சி பாடம் முழுவதும் அங்கேயே நிற்கிறது. மரங்கள் தூரத்தில் சிறுத்துக்கொண்டே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இடைவெளியும் எவ்வளவு சிறுக்கும் என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மதிப்பாகப் போட்டால் நான்காவது மரத்திலேயே நிரை பொய்யாகிவிடும். இப்படிச் செய்யுங்கள். முதல் மரத்தையும், கண்ணுக்குச் சரியென்று படும் தூரத்தில் இரண்டாவது மரத்தையும் வரையுங்கள். இரண்டின் அடிகளை இணைத்து ஒரு கோடு, உச்சிகளை இணைத்து ஒரு கோடு. இரண்டும் கண்மட்டக் கோட்டில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். முதல் மரத்தின் பாதி உயரத்திலிருந்து அதே புள்ளிக்கு மூன்றாவது கோடு இழுங்கள். அது இரண்டாம் மரத்தை அதன் பாதியில் வெட்டும். இப்போது முதல் மரத்தின் உச்சியிலிருந்து அந்த வெட்டும் புள்ளி வழியாக ஒரு சாய்கோடு விட்டால், அடிக்கோட்டை அது தொடுகிற இடத்தில்தான் மூன்றாவது மரம் நிற்கிறது. அதே போல நான்காவது, ஐந்தாவது. தந்திக் கம்பம், லயத்து வீட்டுத் தூண்கள், பள்ளிக்கூட ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. செம்பனை முக்கோண நடவு என்பதால் நின்ற இடத்திலேயே திரும்பினால் மூன்று திசைகளில் நிரை தெரியும். அது கொஞ்சம் கடினம். பால்மரத்தில் கை பழகிய பிறகு அங்கே போங்கள்.

மரத்தண்டை விட்டு வருவதற்குள் ஒரு சோதனை. பால்மரத்தின் வெட்டுப்பட்டையை நினைவிலிருந்து வரையுங்கள். எந்தப் பக்கம் சரிகிறது? பலரும் வலப்பக்கம் உயர்ந்து இடப்பக்கம் இறங்குவதாகப் போடுவார்கள். மரத்தின் முன்னால் நின்று பார்த்தால் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கமாக, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே வலமாகச் சாய்ந்து மேலேறுவதால், இப்படி வெட்டினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபட்டுப் பால் இறங்கும். பால் வெட்டுகிற அம்மாவும் தாத்தாவும் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளே இதை மாற்றி வரைகிறார்கள். பார்த்துப் பழகிய பொருள் வேறு, பார்த்து வரைந்த பொருள் வேறு.

இனி நிறம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டும், ஏனென்றால் இதை உங்களுக்கு வேறு யாரும் சொல்லித் தராமல் போகலாம். கடையில் 'தோல் நிறம்' என்று ஒரு டியூப் விற்கும். அது இளஞ்சிவப்பு. உங்கள் அம்மாவின் முகமோ உங்கள் முகமோ அதில் இல்லை. அதை வாங்காதீர்கள். மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம், ஒரு ஆழ்ந்த சிவப்பு, வெள்ளை ஆகிய ஐந்தும் போதும். இரண்டு பங்கு பர்ன்ட் சியன்னாவுக்கு ஒரு பங்கு நீலம் சேர்த்தால் உயிருள்ள ஆழ்ந்த பழுப்பு வரும். நீலத்தைக் கூட்டினால் கிட்டத்தட்டக் கருமையாகும். கறுப்பு டியூப்பைத் தொடாதீர்கள், அது கன்னத்தைக் கரிப்பிடித்த சட்டி மாதிரி செத்த நிறமாக்கிவிடும். வெளிச்சம் படும் இடத்துக்கு வெள்ளையை நேரடியாகக் கலந்தால் தோல் சாம்பல் பூத்ததாகத் தெரியும். முதலில் மஞ்சள் காவியால் ஒளியூட்டுங்கள், கடைசியாக ஊசிமுனை அளவு வெள்ளை. வெளியில் உட்கார்ந்திருப்பவரின் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் மின்னும் இடத்தை உற்றுப் பாருங்கள்: கருத்த தோலில் அது வானத்தை வாங்கி இலேசான நீலச் சாம்பலாக இருக்கும். அதே நேரத்தில் தாடைக்கு அடியில் செம்மண் தரையிலிருந்து எழும் வெளிச்சம் பட்டு ஒரு சூடான செம்பழுப்பு தெரியும். வெள்ளைத் தாளில் தொடங்குவதைவிடப் பழுப்புத் தாளில் தொடங்குவது எளிது. நடுநிறம் தாளிலேயே இருப்பதால், இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் சேர்த்தால் போதும். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் தாள் பயிற்சிக்கு நல்லது.

வண்ண டியூப் வாங்கும்போது முன்பக்கத்துப் பெயரை நம்பாமல் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியைப் படியுங்கள். பி.பி. 29 என்றால் உண்மையான அல்ட்ராமரைன். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டேனியம் வெள்ளை. பெயரோடு 'ஹியூ' என்று ஒட்டியிருந்தால் அந்த நிறத்துக்குப் பதில் வேறு நிறமிகளைக் கலந்து செய்த மலிவு வகை. முதலாண்டுக்கு அது போதும். ஆனால் மூன்று நிறமிகள் ஏற்கெனவே கலந்த டியூப்போடு நீங்கள் இன்னும் இரண்டைச் சேர்த்தால் சேறுதான் மிஞ்சும். அது உங்கள் கையின் குற்றமாக இருக்காது.

கல்லூரி ஒரு பொருள் பட்டியல் அனுப்பும். அதில் உள்ள எல்லாவற்றையும் முதல் நாளே வாங்க ஓடாதீர்கள். பாதி இரண்டாம் பருவத்தில்தான் தேவைப்படும். ஏறக்குறைய 200 வெள்ளிக்குள் முதல் மாதத்தைத் தாண்டலாம்: எச்.பி., 2பி, 4பி, 6பி பென்சில்கள், பிசைந்து பயன்படுத்தும் அழிப்பான் ஒன்று, ஏ3 அளவில் கார்ட்ரிட்ஜ் எனப்படும் வரைதாள் கட்டு, ஏ2 அளவுப் பலகை, 30 சென்டிமீட்டர் இரும்பு ரூலர், கட்டர், வெட்டும் விரிப்பு, ஆறு அக்ரிலிக் டியூப், மூன்று தூரிகை. பன்னிரண்டு பென்சில் கொண்ட அழகான டின் வேண்டாம், அதில் ஏழெட்டைத் தொடவே மாட்டீர்கள். பென்சிலைக் கீழே போடாதீர்கள், கரி உள்ளுக்குள்ளேயே உடைந்து சீவச் சீவ விழுந்துகொண்டே இருக்கும். தாளில் கிராம் கணக்கு, அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, முக்கியம். 80 கிராம் அலுவலகத் தாள் அவசரக் கோட்டுக்கு, 150க்கு மேல் பென்சிலுக்கும் கரிக்கும், நீர்வண்ணத்துக்கு 300. அதற்குக் குறைந்த தாளில் தண்ணீர் பட்டால் அப்பளம் போல் அலையலையாக எழும்பிக்கொள்ளும்.

ஓவியக் கரியை நீங்களே செய்துகொள்ளலாம். காளஹஸ்தியில் கலம்காரி வரைபவர்கள் முதல் கோட்டை இழுப்பது புளியங்குச்சிக் கரியால்தான். பென்சில் பருமனுள்ள நேரான குச்சிகளைப் பட்டை உரித்து ஒரு வாரம் நிழலில் காயவிடுங்கள். மைலோ டின்னில் நெருக்கமாக நிறுத்தி, இடைவெளியில் மணலை நிரப்பி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போட்டு இறுக மூடுங்கள். துளை இல்லாவிட்டால் உள்ளே சேரும் வாயு மூடியைப் பிய்த்துக்கொண்டு போகும். விறகு நெருப்பில் வைத்து, துளையில் வரும் புகை அடங்கும்வரை விடுங்கள். பிறகு டின் முழுதாக ஆறும்வரை திறக்கவே கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சிகள் சாம்பலாகிவிடும். நடுவில் உடைத்துப் பாருங்கள். உள்ளே பழுப்பு தெரிந்தால் வேகவில்லை, தாளைக் கீறும்.

இன்னொரு பொருள் உங்களுக்குப் பழகிய வாசத்தோடு வரும். நீர்வண்ணத்தில் வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மறைக்கப் பூசும் மாஸ்கிங் திரவம் வேறொன்றுமில்லை, அம்மோனியா சேர்த்த ரப்பர் பால்தான். பால் உறையாமல் இருக்கத் தோட்டத்தில் ஊற்றுவது போலவே அந்த புட்டியிலும் அம்மோனியா இருக்கிறது. தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்துவிட்டுத்தான் அதில் முக்க வேண்டும், இல்லையென்றால் மயிர் கட்டிப்பாலாக இறுகிப் போகும். தாள் முழுதும் காய்ந்த பிறகு பூசுங்கள். ஓரிரு நாளில் உரித்துவிடுங்கள். வெயிலில் கிடந்தால் தாளோடு ஒட்டி, உரிக்கும்போது தோலையும் கிழித்துக்கொண்டு வரும்.

நம் நாட்டுப் புழுக்கம் ஓவியத்துக்கு எதிரி. தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூஞ்சணப் புள்ளி விழும். ஓவியக் கோப்பைத் தரையிலும் மழைச்சாரல் படும் சுவரோரமும் வைக்காதீர்கள்; காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்து உள்ளே போடுங்கள். அக்ரிலிக் ஓவியங்களை முகத்தோடு முகம் அடுக்கவே கூடாது. அக்ரிலிக் ஒரு வகை நெகிழி. காய்ந்த பிறகும் சூட்டில் இளகும். வெயிலில் நிற்கும் பஸ்ஸின் சாமான் அறையில் இரண்டு மணி நேரம் கிடந்தால் இரண்டு ஓவியமும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் இரண்டும் போகும். கேக் சுடும் தாளை இடையில் வைத்தால் ஒட்டாது. மின்விசிறிக்குக் கீழே அக்ரிலிக் தட்டில் சில நிமிடங்களிலேயே தோல் கட்டிவிடும். மூடியுள்ள சாப்பாட்டு டப்பாவில் ஈரத் துணி விரித்து, அதன் மேல் அதே கேக் தாளைப் போட்டு வண்ணம் பிழிந்தால் மறுநாளும் பயன்படுத்தலாம். தூரிகையைத் தண்ணீரில் தலைகீழாக ஊறவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

இப்போது சொல்வதை அலட்சியமாகக் கடக்காதீர்கள். எண்ணெய் வண்ணத்தில் பயன்படும் ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும். அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடு கிளப்புகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. துணியை விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய இரும்பு டின்னில் போட்டு மூடுங்கள். டர்பென்டைன் ஆவி நம் மதிய வெயில் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. ஹாஸ்டல் அறைக்குள் அதைத் திறக்கவே வேண்டாம். கரி ஓவியத்துக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வெளி வராந்தாவில்தான். கட்டர் விஷயத்தில், விரலை அறுப்பது பெரும்பாலும் மழுங்கிய பிளேடு. அழுத்தம் கூடி வழுக்குகிறது. நுனியை அடிக்கடி ஒடித்துப் புதிதாக்குங்கள். பிளாஸ்டிக் ரூலர் மேல் ஏறிவிடும், இரும்பு ரூலர்தான் வேண்டும்.

கணினி வடிவமைப்புக்குப் போகிறவர்களுக்கு: விலை உயர்ந்த மடிக்கணினியை இப்போதே கடன் வாங்கி வாங்காதீர்கள். துறை எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வாங்குங்கள். அதுவரை கிரிட்டா, இங்க்ஸ்கேப், பிளெண்டர் எல்லாம் இலவசம். அச்சுக்குப் போகும் ஏ3 சுவரொட்டி 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508க்கு 4961 பிக்சல். வாட்சாப்பில் வந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அச்சில் அது புகையாகத்தான் தெரியும்.

தமிழில் எழுத்தமைப்பு செய்யும்போது மிகுந்த கவனம் வேண்டும். எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்பதையும், மெய்யின் புள்ளி ஒரு புள்ளிவட்டத்தோடு தனியே மிதப்பதையும் எத்தனையோ பதாகைகளில் பார்க்கிறோம். காரணம் எளியது. அடோபி மென்பொருளில் தமிழ் எழுத்துகளைக் கோக்கும் வசதி (கம்போசர்) அணைந்து கிடக்கிறது. இன்டிசைனில் பத்தி அமைப்பை வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்றுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்து விருப்பங்களில் இந்திய மொழி வசதியைக் காட்டச் சொல்லிவிட்டு, மத்திய கிழக்கு மற்றும் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். யூனிகோட் எழுத்துருக்களையே பயன்படுத்துங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி தமிழுக்குப் போதாது, கொஞ்சம் கூட்டுங்கள். முரசு அஞ்சல் செய்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். ஆப்பிள் கணினிகளோடு வரும் இணைமதி எழுத்துரு அவர் கையிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தை அழகாகவும் பிழையில்லாமலும் அமைக்கத் தெரிந்த வடிவமைப்பாளர்கள் இந்த நாட்டில் போதாது. அந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

வகுப்பில் எல்லோருடைய ஓவியத்தையும் சுவரில் மாட்டி வரிசையாகப் பேசுவார்கள். அங்கே நம் பிள்ளைகள் பலர் மொழித் தயக்கத்தால் வாயடைத்து நிற்கிறார்கள், ஓவியம் நன்றாக இருந்தும். மூன்று வாக்கியங்களை மலாயிலோ ஆங்கிலத்திலோ முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள்: இதில் என்ன முயன்றேன், எங்கே அது நிற்கவில்லை, மறுபடி செய்தால் எதை மாற்றுவேன். ஆசிரியர் ஒரு ஓவியத்தைக் கிழித்தெடுப்பதுபோல் பேசினால் அது அந்தத் தாளைப் பற்றிய பேச்சு. குறித்துக்கொள்ளுங்கள், இரவுக்குள் ஒரு திருத்தமாவது செய்துவிடுங்கள். ஒப்படைப்புக்கு முந்தின இரவு விழித்திருந்து செய்வதைவிட, கொடுத்த அன்றே சிறு தாளில் பத்துக் குறுவரைவுகள் போட்டுவிடுவது உங்களைக் காப்பாற்றும். முதல் மூன்று யோசனைகள் எல்லோருக்கும் வருபவை. ஏழாவது எட்டாவதில்தான் உங்களுடையது தலைகாட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேசியக் கலைக்கூடத்துக்குப் போங்கள். 1958இல் தொடங்கியது அது. ராமநாதபுரத்து அழகன்குளத்தில் பிறந்து மதராஸ் ஓவியக் கல்லூரியில் படித்த சையது தாஜுதீன், நிர்மலா தத் சண்முகலிங்கம், அனுரேந்திர ஜெகதேவா இவர்களின் ஓவியங்களை எங்கே பார்க்கக் கிடைத்தாலும் அருகில் நின்று, தூரிகை எந்தத் திசையில் போயிருக்கிறது என்று பாருங்கள். கிளம்புவதற்கு முன் கோலாகங்சாருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். சாயோங் கிராமத்து மண்குடங்கள் சூளையிலிருந்து சூடாக எடுக்கப்பட்டு உமியில் புதைபட்டுக் கறுப்பதைப் பார்த்துவிட்டு வந்தால், மட்பாண்ட வகுப்பில் நீங்கள் பின்தங்க மாட்டீர்கள்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பணம் கட்டும் முன் அந்தப் படிப்பின் பெயரை மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறது என்பதும் வேறு வேறு. அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடனுக்குப் பிள்ளையின் பெயரில் எஸ்.எஸ்.பி.என். என்னும் கல்விச் சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும்; இப்போதே திறந்துவிடுங்கள். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம் உண்டு, திருப்பிக் கட்ட வேண்டிய பணம் அது. கல்விக் கட்டணத்தோடு பொருட்செலவு, அச்சுச் செலவு என்று மாதாமாதம் தனியாக ஒரு தொகை போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பிள்ளை தரையெல்லாம் தாளை விரித்து அமர்ந்திருந்தால் அது படிப்புதான், எழுப்பிவிடாதீர்கள்.

ரயிலில் போகிறவர்கள் ஓவியங்களை உருட்டும்போது வரைந்த பக்கம் வெளியே இருக்கட்டும். உள்பக்கமாக உருட்டினால் வண்ணம் நசுங்கி மடிப்பு விழும். உருட்டியதைப் போட்டு எடுத்துச்செல்லும் குழாய் குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும். வண்ண டியூப்களைத் துணிகளோடு போடாமல் பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது ஸ்கெட்ச் புத்தகத்தைக் கையோடு கொண்டுவாருங்கள். கிழித்துப் போடத் தோன்றிய பக்கங்களையும் சேர்த்து. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க எங்களுக்கு நேரம் இருக்கிறது.

அன்புடன்,
சுங்கை சிப்புட் வட்டாரத்து ஓவியர்களும் ஓவிய ஆசிரியர்களும்